முதல் மாடல் ராக்கெட்: கிட்டைப் பிரிப்பதிலிருந்து பாராசூட்டில் இறக்குவது வரை

கிட் வாங்கிய கையோடு ஒரே மாலையில் ஒட்டி முடித்து, மறுநாள் காலையில் ஏவிவிடலாம் என்றுதான் புதியவர்கள் பெரும்பாலும் உட்காருகிறார்கள். ராக்கெட் மேலே போகத்தான் போகும். ஆலையில் தயாரான மோட்டார் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நேராகப் போவது, உச்சியில் மூக்கு கழன்று பாராசூட் விரிவது, மறுபடி பறக்கக்கூடிய நிலையில் தரையிறங்குவது ஆகிய மூன்றும் கட்டியவர் பொறுப்பு. மைதானத்தில் தெரியவரும் கோளாறுகளில் பெரும்பாலானவை மேசையில், பசை காயும் முன்பே உள்ளே புகுந்தவை. அதனால் இந்த வழிகாட்டியில் ஏவுவதைவிடக் கட்டுவதற்கே இடம் அதிகம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். மாடல் ராக்கெட் மோட்டார்களைப் பல நாடுகள் வெடிபொருள் அல்லது பட்டாசு வகையில் சேர்க்கின்றன. வாங்க, வைத்திருக்க, ஏவ உங்கள் பகுதியில் அனுமதி வேண்டுமா, அருகில் விமான நிலையம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைச் செலவிடுங்கள். கிடைக்கவில்லை என்பதற்காக மோட்டாரை வீட்டில் செய்துபார்க்கவே கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் விரல்களும் கண்களும் போனதெல்லாம் பெரும்பாலும் அந்த வழியில்தான்.

1. எந்தக் கிட்டை எடுப்பது

ஒற்றை நிலை, ஒரே மோட்டார், 3 அல்லது 4 ஃபின்கள் (வாலில் ஒட்டும் இறக்கைகள்), 30 செ.மீ. பாராசூட். முதல் ராக்கெட்டுக்கு இது போதும். குழாயின் விட்டம் 25 மி.மீ. அளவிலும் நீளம் 30 முதல் 45 செ.மீ. வரையிலும் இருந்தால் நல்லது.

மோட்டார் 18 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் கொண்ட வகையாக இருக்கட்டும். 13 மி.மீ. மோட்டார் போடும் குட்டி ராக்கெட்டுகள் விலை குறைவு என்று ஆசை காட்டும். ஆனால் புறப்பட்ட அரை நொடியில் கண்ணிலிருந்து மறைந்துவிடும். தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. 24 மி.மீ. மோட்டாருக்குப் பெரிய மைதானம் வேண்டும்.

பிளாஸ்டிக் ஃபின் தொகுதி வைத்த கிட்டுகளும் உண்டு. சிறு பிள்ளைகளோடு செய்வதாக இருந்தால் அது சரி. தானே கட்டிக் கற்றுக்கொள்ள நினைப்பவர் பால்சா மர ஃபின் உள்ளதை எடுக்கலாம். உடைந்தாலும் ஒரு சொட்டுப் பசையில் சரியாகிவிடும்.

2. பெட்டிக்குள் இருக்காதவை

கிட் பெட்டியில் ராக்கெட்டின் பாகங்கள் மட்டும்தான் இருக்கும். மோட்டார், இக்னைட்டர் (மோட்டாரைப் பற்றவைக்கும் சிறு கம்பி, பெரும்பாலும் மோட்டார் பொதியோடு வரும்), வாடிங் எனப்படும் தீப்பிடிக்காத தாள், ஏவுமேடை, மின் கன்ட்ரோலர், பேட்டரி, பசை, பெயின்ட் எல்லாம் தனி. மைதானத்துக்குப் போன பிறகு வாடிங் இல்லை என்று தெரிந்து திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

மேசைக்குத் தேவையானவை: வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசை, கூரான பிளேடு கத்தி, 220 மற்றும் 400 எண் உப்புத்தாள், இரும்பு அடிக்கோல், பென்சில், மாஸ்கிங் டேப், பசையைக் குழாய்க்குள் தடவ நீளமான ஒரு குச்சி.

சூப்பர் குளூவால் முழு ராக்கெட்டையும் ஒட்டாதீர்கள். சீக்கிரம் பிடிக்கும், ஆனால் காய்ந்ததும் உடையக்கூடியதாகிவிடும். தரையிறங்கும் அதிர்ச்சியில் ஃபின் அப்படியே பெயர்ந்து வரும். மரப்பசை காகிதத்துக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஊறிப் பிடிக்கிறது. சரியாக ஒட்டிய இடத்தில் மரமே உடைந்தாலும் ஒட்டு விடாது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை ஒட்டும் இடங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் சிமென்ட் வேண்டும்.

3. மோட்டாரின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

A8-3 என்று எழுதியிருந்தால் அதில் மூன்று தகவல்கள் இருக்கின்றன.

எழுத்து மொத்த உந்துகையைச் சொல்கிறது. A என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை, B என்றால் 5 வரை, C என்றால் 10 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச அளவு இரட்டிப்பாகும். அடுத்துள்ள எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிபொருள் தீர்ந்த பிறகு எத்தனை விநாடி கழித்து மூக்கைத் தள்ளும் சிறு வெடிப்பு நடக்கும் என்பது.

இங்கே ஒரு குழப்பம் தவறாமல் வரும். C6-5 என்பது A8-3-ஐவிட வலுவாக உதைக்கும் என்று நினைக்கிறார்கள். சராசரி உந்துவிசை C6-க்கு 6 நியூட்டன்தான், A8-க்கு 8. C6 கூடுதல் நேரம் எரிகிறது, அதனால்தான் உயரம் அதிகம். கனமான ராக்கெட்டை ஏவுகம்பியிலிருந்து வேகமாகக் கிளப்ப வேண்டுமென்றால் எழுத்தைப் பார்த்துப் பயனில்லை. நடு எண்ணைப் பாருங்கள். உந்துவிசை, ராக்கெட்டின் எடையைப் போல 5 மடங்காவது இருக்கவேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் கணக்கு.

கடைசி எண் 0 என்று இருந்தால் அது பல நிலை ராக்கெட்டின் அடிநிலைக்கானது. பாராசூட்டை வெளியே தள்ளத் தாமதமே இல்லை. P என்று இருந்தால் தள்ளும் வெடிப்பே கிடையாது. இரண்டையும் தொடாதீர்கள்.

முதல் பறப்புக்கு A8-3, அதாவது கிட் தாளில் பரிந்துரைத்திருப்பதில் மிகச் சிறியது. பெரியதைப் போட்டால் ராக்கெட்டைத் தேடவே நேரம் போய்விடும்.

4. பசை தொடும் முன்: உலர்ந்தபடியே பொருத்திப் பார்ப்பது

எல்லாப் பாகங்களையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்டரிங் வளையங்கள் (மோட்டார் குழாயைப் பெரிய குழாயின் நடுவில் நிறுத்துபவை) மோட்டார் குழாயில் ஏறுகின்றனவா, அவை பெரிய குழாய்க்குள் வழுக்கிப் போகின்றனவா என்று பசையில்லாமல் சோதியுங்கள். இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள்.

பசை போட்ட பிறகு காகிதம் ஈரத்தில் லேசாக உப்பும். உலர்ந்திருக்கும்போதே இறுக்கமாகப் போகும் வளையம், பசையோடு பாதி வழியில் நின்றுவிடும். பிறகு அதை நகர்த்தவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

5. மோட்டார் மவுண்ட்

மோட்டாரை ராக்கெட்டுக்குள் பிடித்துவைக்கும் பாகம்தான் மவுண்ட். மோட்டார் குழாயில் ஒரு முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வளையம், எங்கே கொக்கிக்கான வெட்டு என்று கிட் தாள் சொல்லும். பென்சிலால் குறித்து, கொக்கியின் வளைந்த மேல்முனையை அந்த வெட்டில் செருகுங்கள். மோட்டார் மேலே ஏறிப்போகாமல் தடுப்பது கொக்கியின் மேல்முனையும் மோட்டார் குழாய்க்குள் இருக்கும் வளையமும். பின்னால் கழன்று விழாமல் தடுப்பது கீழ்முனை.

கொக்கியின் கீழ்ப்பகுதி வெளிப்புறம் வளைந்துகொடுக்க வேண்டும். ஆர்வத்தில் கொக்கி முழுவதையும் பசையால் மூடிவிட்டால் மோட்டாரைப் போடவோ கழற்றவோ முடியாது. நடுவில் மட்டும் பிடித்தால் போதும்.

மவுண்டைப் பெரிய குழாய்க்குள் ஏற்றும்போதுதான் அதிகம் கெட்டுப்போகிறது. வளையத்தின் ஓரத்தில் பசையைத் தடவித் தள்ளினால், பசை பின்னால் வழிந்து ஒதுங்கிவிடும். வளையம் நிற்கவேண்டிய இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. குச்சியால் குழாயின் உட்புறத்தில், முன்வளையம் போய் நிற்கும் இடத்தில் பசையை வட்டமாகத் தடவுங்கள். பின்வளையத்துக்கு, மவுண்ட் பாதி உள்ளே போகும் தறுவாயில் குழாயின் வாய்ப்பக்கம் இன்னொரு வட்டம்.

பிறகு நிறுத்தாமல் ஒரே தள்ளல். நடுவில் நின்று ‘சரியா போகுதா’ என்று எட்டிப் பார்த்தால் அந்த இரண்டு விநாடியில் பசை பிடித்துவிடும். எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதை முன்பே மோட்டார் குழாயில் குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைப் போட்டால் அதன் பின்முனை ராக்கெட்டின் அடியிலிருந்து சுமார் 6 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முற்றிலும் உள்ளே போய்விட்டால் கழற்றும்போது பிடிமானம் இருக்காது, இக்னைட்டர் கம்பியில் கிளிப் மாட்டுவதும் சிரமம்.

6. ஃபின்களை வெட்டுவதும் ஒட்டுவதும்

நேரத்தைத் தாராளமாகச் செலவிடவேண்டிய இடம் இதுதான்.

முதலில் மரநார் ஓடும் திசை. லேசர் வெட்டிய பால்சாவில் இது ஏற்கனவே சரியாக இருக்கும். நீங்களே வெட்டுவதானால், ஃபினின் முன் விளிம்புக்கு இணையாக நார் ஓடவேண்டும். குழாய்க்கு இணையாக நார் ஓடினால், தரையில் மோதும்போது ஒட்டிய இடத்துக்குச் சற்று மேலே கோடு போட்டாற்போல் பிளந்துவிடும்.

எல்லா ஃபின்களையும் ஒன்றாக அடுக்கி, கட்டாகப் பிடித்து விளிம்புகளை உப்புத்தாளில் தேயுங்கள். எல்லாம் ஒரே அளவாகிவிடும். பிறகு தனித்தனியாக முன் விளிம்பை உருண்டையாக்குங்கள். பின் விளிம்பை மெல்லியதாக்கினால் காற்றெதிர்ப்பு இன்னும் குறையும். முதல் ராக்கெட்டில் அதற்கு அவசியமில்லை. குழாயோடு ஒட்டும் விளிம்பை மட்டும் உருட்டாதீர்கள். அது தட்டையாக, செங்குத்தாக இருந்தால்தான் பசைக்கு முழுப் பரப்பு கிடைக்கும். எல்லா விளிம்பையும் அழகாக உருட்டிவிட்டு, பிறகு ஃபின் நிற்கவில்லையே என்று பசையைக் குறைசொல்வது வழக்கமாக நடப்பது.

குழாயில் கோடு போட, கிட்டில் வரும் காகித அளவுப்பட்டையைச் சுற்றி 3 ஃபினுக்கு 120 பாகை, 4 ஃபினுக்கு 90 பாகை இடைவெளியில் புள்ளி வையுங்கள். லாஞ்ச் லக் (ஏவுகம்பியில் கோர்க்கும் சிறு குழல்) ஒட்டும் கோட்டையும் இப்போதே குறியுங்கள். புள்ளியிலிருந்து மேல்நோக்கி நேர்க்கோடு போட அடிக்கோல் உதவாது, வட்டக்குழாயில் அது வழுக்கும். குழாயைக் கதவு நிலையின் உள்மூலையில் சாய்த்துவைத்து, நிலையின் விளிம்பை அடிக்கோலாகப் பயன்படுத்தினால் கோடு குழாய்க்கு இணையாக வரும்.

பளபளப்பான மேல்தாள் உள்ள குழாயானால், ஃபின் உட்காரும் இடத்தை மட்டும் 400 எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். மேல்தாளில் மட்டும் ஒட்டிய ஃபின், தாளையும் உரித்துக்கொண்டு வரும்.

இனி ஒட்டுவது. ஃபினின் அடி விளிம்பில் மெல்லிய பசைக்கோடு இழுத்து, குழாயின் கோட்டில் அழுத்தி, உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் பசை ஊறி, ஓரிரு நிமிடத்தில் ஒட்டும் பதத்துக்கு வரும். பிறகு விளிம்பில் இன்னொரு மெல்லிய பூச்சு போட்டு, கோட்டில் வைத்துப் பிடியுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் பிடித்தால் தானாக நிற்கும். ஒரே தடவையில் தாராளமாகப் பசை போட்டால் ஃபின் வழுக்கிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கோட்டை விட்டு நகர்ந்திருக்கும்.

பசை முழுதாகப் பிடிக்கும் முன் பின்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு ஃபினும் குழாயின் மையத்திலிருந்து நேராக வெளியே நீள்கிறதா, மேலிருந்து பார்த்தால் எதுவும் முறுக்கிக்கொண்டிருக்கிறதா? ஒரு ஃபின் இரண்டு பாகை திரும்பியிருந்தாலும் ராக்கெட் சுழன்றுகொண்டு போகும். சுழல்வதால் ஆபத்தில்லை, ஆனால் உயரம் குறையும்.

பல மணிநேரம் காயவிட்டு, ஃபினும் குழாயும் சேரும் மூலைகளில் பசையை விரலால் வழித்துக் குழிவான சிறு வரப்பு போடுங்கள். வலுவில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. இரண்டு ஃபின்கள் மேல்நோக்கி இருக்கும்படி ராக்கெட்டைப் படுக்கவைத்து, அந்த இடைவெளியை மட்டும் முடித்து, காய்ந்த பிறகு அடுத்ததற்குத் திருப்புங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நிறுத்திவைத்தால் பசை கீழே வழிந்து அடியில் சொட்டாகத் திரளும். மரப்பசை காயும்போது சுருங்கும் என்பதால் மெல்லிய இரண்டு பூச்சு, தடித்த ஒன்றைவிட மேல்.

7. லாஞ்ச் லக்

இது ஏவுகம்பியில் ராக்கெட்டைக் கோர்க்கும் சிறு குழல். ஒட்டுவது இரண்டு நிமிட வேலை. கோணல் ஆனால் முழுப் பறப்பும் கோணல். ஒட்டியதும் குழல் வழியாகப் பார்த்து, ராக்கெட்டின் குழாய்க்கு இணையாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். இரண்டு லக் இருந்தால் உள்ளே கம்பியைக் கோர்த்துவைத்து ஒட்டி, பசை பிடிக்கும் முன் கம்பியை உருவிவிடுங்கள். உள்ளே பசை போகக்கூடாது.

8. ஷாக் கார்டும் பாராசூட்டும்

மூக்கையும் குழாயையும் இணைத்திருக்கும் மீள்கயிறுதான் ஷாக் கார்ட். வெடிப்பில் மூக்கு பாய்ந்து வெளியேறும்போது அந்த இழுவையைத் தாங்குவது இதுதான். கிட்டில் கொடுத்திருப்பது ராக்கெட்டின் நீளத்தைவிடக் குறைவு என்றால் மாற்றிவிடுங்கள். நீளத்தைப்போல 2 முதல் 3 மடங்கு இருக்கட்டும். குட்டையான கயிறு ரப்பராக இழுத்து, மூக்கைத் திருப்பிக் குழாயின் வாயிலேயே அடிக்கும். பழைய ராக்கெட்டுகளின் வாயில் பிறைபோல் ஒரு நசுங்கல் இருந்தால் காரணம் இதுதான்.

கயிற்றின் முனையைக் காகிதத்தில் பசையோடு மூன்றாக மடித்து, குழாயின் உட்சுவரில் ஒட்டவேண்டும். மூக்கின் கழுத்து உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று முதலில் அளந்து, அதற்கும் ஒரு செ.மீ. கீழே ஒட்டுங்கள். மேலேயே ஒட்டினால் மூக்கு உட்காராது. காகிதம் குழாயின் வளைவோடு படிய வேண்டும், துருத்தினால் பாராசூட் அதில் மாட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்தபின் பலமாக இழுத்துச் சோதியுங்கள். கையில் பிய்ந்தால் நல்லதே, வானத்தில் பிய்ந்தால் பாராசூட்டோடு மூக்கு மட்டும் மிதந்து போகும்.

பாராசூட்டின் கயிறுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கட்டும். அவற்றைச் சேர்த்து மூக்கின் வளையத்தில் கட்டி, முடிச்சில் ஒரு சொட்டுப் பசை வையுங்கள்.

மூக்கின் இறுக்கம்தான் பாராசூட் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினால் கழன்றுவிடக் கூடாது. லேசாக உதறினால் கழலவேண்டும். தளர்வாக இருந்தால் கழுத்தில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப். இறுக்கமாக இருந்தால் கழுத்தைத் தேய்த்துவிடுங்கள்.

9. பெயின்ட்

பால்சாவில் மரத்துளைகளை அடைக்கும் சீலர் பூசி, தேய்த்து, பிறகு ப்ரைமர், பிறகு நிறம். மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காயக் காத்திருந்து அடியுங்கள். மூக்கின் கழுத்தையும் குழாயின் வாயையும் டேப்பால் மறைக்க மறக்காதீர்கள். அங்கே படியும் நிறத்தின் தடிமனே மூக்கைச் சிக்கவைக்கப் போதும். லக்கின் உள்ளே போன நிறத்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சும் கறுப்பும் தரையில் தேட வசதி. வெள்ளை வானத்தில் கரையும், பச்சை புல்லில் கரையும்.

10. நிலைத்தன்மைச் சோதனை

ராக்கெட் நேராகப் போக, அதன் எடை மையம் (ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளி) காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டத்தின் தூரத்தில் இருக்கவேண்டும். ஃபின்கள் காற்றழுத்த மையத்தைப் பின்னால் இழுக்கின்றன. மூக்கின் எடை, எடை மையத்தை முன்னால் இழுக்கிறது.

கிட்டில் இதைக் கணக்கிட்டுத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நீங்கள் பின்பக்கம் அளவுக்கு மீறிப் பசையும் பெயின்ட்டும் சேர்த்திருந்தாலோ, பெரிய மோட்டார் போட்டாலோ கணக்கு மாறும். அதனால் பெயின்ட் அடித்த பிறகு, மோட்டார், வாடிங், பாராசூட் எல்லாம் உள்ளே வைத்துச் சோதிக்கவேண்டும். காலி ராக்கெட்டைச் சோதிப்பது வீண். மோட்டாரின் எடை முழுக்க வாலில் உட்காருகிறது. இக்னைட்டரை மட்டும் இப்போது போடாதீர்கள்.

ராக்கெட் சமநிலையில் நிற்கும் இடத்தில் நூலைக் கட்டி, நழுவாமல் டேப் ஒட்டி, 2 அல்லது 3 மீட்டர் நூலில் தலைக்கு மேல் மெதுவாகச் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் நோக்கிப் பறந்தால் சரி. பக்கவாட்டிலோ வால் முன்னாலோ சுற்றினால், மூக்குக்குள் கொஞ்சம் களிமண்ணை அடைத்து மறுபடி பாருங்கள். இந்தச் சோதனை கொஞ்சம் கறாரானது. இதில் தோற்கும் சில நீண்ட ராக்கெட்டுகள் உண்மையில் நன்றாகப் பறக்கும். சந்தேகம் இருந்தால் ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்து இரு மையங்களையும் பார்க்கலாம்.

11. மைதானமும் காற்றும்

பரவலாகப் பின்பற்றும் பாதுகாப்பு விதிகளின்படி, மைதானத்தின் குறுகிய பக்கம் A மோட்டாருக்கு 30 மீட்டர், B-க்கு 60, C-க்கு 120 மீட்டராவது இருக்கவேண்டும். இது குறைந்தபட்சம். ராக்கெட்டைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

45 கிராம் ராக்கெட் 30 செ.மீ. பாராசூட்டில் விநாடிக்கு ஏறத்தாழ 3.6 மீட்டர் வேகத்தில் இறங்கும். 100 மீட்டர் உயரத்திலிருந்து என்றால் 28 விநாடி. காற்று விநாடிக்கு 4 மீட்டர் வீசினால் (மணிக்கு 14 கி.மீ., முகத்தில் இதமாகப் படும் அளவுதான்) 110 மீட்டர் தள்ளிப்போய் விழும். B மோட்டாரில் 200 மீட்டர் ஏறினால் 220 மீட்டர் தள்ளி. முதல் நாள் A மோட்டாரே போதும் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம் சொல்லிவிடும்.

மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் காற்றடித்தால் ஏவக்கூடாது என்பது விதி. புதியவர்கள் 15-ஐத் தாண்டினாலே பெட்டியை மூடிவிடலாம். காற்று தணிந்த அதிகாலை நல்ல நேரம். உயர்மரம், மின்கம்பி, சாலை பக்கத்தில் வேண்டாம். காய்ந்த புல் இருந்தால் மேடையைச் சுற்றி அகற்றி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள்.

12. மைதானத்தில் ராக்கெட்டைத் தயார்செய்வது: வரிசை முக்கியம்

முதலில் வாடிங். 3 அல்லது 4 தாள்களைத் தனித்தனியாகக் கசக்கி, குழாயின் விட்டத்தைப்போல ஒன்றரை முதல் 2 மடங்கு ஆழத்துக்கு நிரப்புங்கள். அடைக்கக்கூடாது, ஆனால் சுற்றிலும் சுவரைத் தொடவேண்டும். ஓரத்தில் இடைவெளி விட்டால் சூடான வாயு அந்த வழியே பாய்ந்து பாராசூட்டை உருக்கிவிடும். வீட்டில் இருக்கும் சாதாரண டிஷ்யூ தாள் ஆகாது. அது கங்காகக் கனிந்தபடி புல்லில் விழும்.

அடுத்தது பாராசூட். வீட்டிலேயே மடித்து எடுத்துவராதீர்கள். பிளாஸ்டிக் மடிப்பிலேயே படிந்துவிடும். ஏவுவதற்குச் சற்றுமுன் டால்கம் பவுடர் தூவி, கூர்முனையாக மடித்து, தளர்வாகச் சுருட்டி, கயிற்றை மேலே லேசாக ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள். குழாய்க்குள் விட்டால் தானாக வழுக்கிப் போகவேண்டும். விரலால் திணிக்க வேண்டியிருந்தால் வெளியே எடுத்து மறுபடி மடியுங்கள். ஷாக் கார்டை மேலே வளையங்களாக வைத்து மூக்கைப் பொருத்துங்கள்.

மூன்றாவது மோட்டார். கொக்கி சொடுக்கென்று பிடிக்கவேண்டும். கொக்கி இல்லாத கிட்டானால், மோட்டாரில் மாஸ்கிங் டேப் சுற்றி, அழுத்தித் திருகினால்தான் உள்ளே போகும் அளவுக்கு இறுக்கமாக்குங்கள். தளர்வான மோட்டார், வெடிப்பு நேரத்தில் மூக்கைத் தள்ளுவதற்குப் பதிலாகத் தானே பின்னால் கழன்று ஓடிவிடும்; ராக்கெட் தலைகீழாகத் தரையில் குத்தும். கீழே விழுந்த, ஈரம் பட்ட, வெயிலில் நின்ற காரில் கிடந்த மோட்டார்களைப் போடாதீர்கள். உள்ளே எரிபொருள் விரிசல் கண்டிருந்தால் எரியும்போது வெடித்துவிடும். அப்படிப்பட்டதைத் தண்ணீரில் கரையும்வரை ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாக இக்னைட்டர். அதன் முனை மோட்டாரின் வாய்த்துளைக்குள் போய் எரிபொருளைத் தொடவேண்டும். தொட்டது விரலுக்குத் தெரியும். பிறகு அளவான பிளாஸ்டிக் அடைப்பைச் செருகி, கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று படாமல் விரித்துவிடுங்கள். புதியவர்களின் ராக்கெட் கிளம்பாமல் நிற்பதற்கு முதல் காரணம், இந்த முனை ஒரு மி.மீ. கீழே நின்றுவிடுவது. இக்னைட்டர் எரியும், புகை வரும், மோட்டார் அப்படியே இருக்கும்.

13. மேடையில் ஏற்றி ஏவுவது

ஏவுகம்பி 3 மி.மீ. தடிமனும் 90 செ.மீ. நீளமும் கொண்டது. அதன் முனை கண் மட்டத்தில் நிற்கும். குனியும்போது கண்ணில் குத்தாமலிருக்க மூடி போட்டுவையுங்கள். ஏவும் முன் எடுத்துவிடுங்கள். கம்பியில் முந்தைய பறப்பின் கரி படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள், லக் சிக்கும்.

ராக்கெட்டைக் கோர்த்ததும், அடியிலுள்ள உலோகத் தகட்டிலிருந்து சில செ.மீ. உயரத்தில் நிற்கும்படி கம்பியில் டேப் சுற்றுங்கள். தகட்டில் கிளிப்புகள் பட்டால் மின்சாரம் அங்கேயே சுற்றித் திரும்பிவிடும்.

கிளிப் மாட்டும்போது கன்ட்ரோலரின் சாவி மாட்டுபவரின் சட்டைப்பையில் இருக்கவேண்டும். கன்ட்ரோலரிலேயே இருந்தால், பக்கத்தில் நிற்கும் யாரோ பட்டனைத் தொட்டுவிடலாம். இந்த விதியில் ஒருபோதும் சலுகை வேண்டாம்.

முதல் பறப்புக்குக் கம்பி நேர்செங்குத்தாக இருக்கட்டும். ராக்கெட் இயல்பாகவே காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தபின் அடுத்ததற்குச் சில பாகை சாய்க்கலாம். எந்த நிலையிலும் செங்குத்திலிருந்து 30 பாகையைத் தாண்டக்கூடாது.

4.5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். வானத்தில் விமானம் இல்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உறுதிசெய்து, சாவியைப் போடுங்கள். விளக்கு எரிந்தால் மின்சுற்று முழுமை. ஐந்திலிருந்து சத்தமாக எண்ணி, பட்டனை ராக்கெட் கிளம்பும்வரை அழுத்திப் பிடியுங்கள். தட்டி எடுத்தால் இக்னைட்டர் சூடேறாது.

14. கிளம்பவில்லை என்றால்

சாவியை எடுங்கள். 60 விநாடி காத்திருங்கள். அதற்கு முன் யாரும் கிட்டே போகக்கூடாது.

இக்னைட்டர் கருகியிருந்தால் முனை எரிபொருளைத் தொடவில்லை, புதியதைப் போடுங்கள். கருகவே இல்லை, விளக்கு மட்டும் எரிந்தது என்றால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. விளக்குக்குத் தேவைப்படும் மின்னோட்டம் சொற்பம், இக்னைட்டருக்கோ பல மடங்கு வேண்டும். விளக்கும் எரியவில்லை என்றால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை. அதன் பற்களில் படிந்த கரியை உப்புத்தாளால் சுரண்டுங்கள்.

15. பறந்ததை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

கிளம்பியதும் வானில் குட்டிக்கரணம் போட்டால் எடை மையம் பின்னால் இருக்கிறது. மூக்கில் எடை சேர்க்கும்வரை மறுபடி ஏவாதீர்கள்.

வெடிப்புச் சத்தம் கேட்டும் பாராசூட் வரவில்லை என்றால் மூக்கு இறுக்கமா, பாராசூட் திணித்திருந்ததா, மோட்டார் கழன்றதா என்று இந்த வரிசையில் பாருங்கள். வெளியே வந்தும் விரியாமல் கட்டியாகத் தொங்கினால் வாடிங் போதவில்லை, அல்லது பவுடர் தூவவில்லை.

கயிறு குழாயின் வாயைக் கீறிக் கிழித்திருந்தால், ராக்கெட் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே வெடிப்பு நடந்திருக்கிறது. ஏறும்போது நடந்ததா, கீழே பாயும்போது நடந்ததா என்பதைக் கவனித்தவரைக் கேளுங்கள். ஏறும்போது என்றால் தாமத எண் கூடுதலான மோட்டார் வேண்டும். இறங்கும்போது என்றால் குறைவானது.

மின்கம்பியில் மாட்டினால் அந்த ராக்கெட்டை மறந்துவிடுங்கள். குச்சி, கல் எதையும் முயலக்கூடாது.

உயரத்தை அறிய, ஏவுமேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒருவர் கோணமானியோடு நின்று, உச்சியில் ராக்கெட் தெரியும் கோணத்தைக் குறிக்கவேண்டும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்டை 100-ஆல் பெருக்கி, பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டினால் கிடைப்பது உயரம். கண் உயரத்தைச் சேர்க்காமல் 45 பாகைக்கு 100 மீட்டர், 60 பாகைக்கு 173 மீட்டர். காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே நின்று பார்த்தால் பிழை குறையும்.

எடுத்துவந்த ராக்கெட்டில் மோட்டார் ஆறியபின் கழற்றுங்கள். ஷாக் கார்டில் தீ பட்ட இடம், ஃபின் அடியில் மயிரிழை விரிசல், குழாய் வாயின் நசுங்கல் மூன்றையும் பாருங்கள். விரிசலில் பசையை ஊறவிட்டு அன்றைக்கு அதை ஓரமாக வையுங்கள். ஈரப்பசையோடு ஏற்றினால் ஃபின் கம்பியைத் தாண்டும் முன்பே பறந்துவிடும். எல்லாம் சரியாக இருந்து, A மோட்டாரில் மைதானத்தின் நடுப்பகுதிக்குள்ளேயே இறங்கியிருந்தால், அடுத்ததற்கு B6-4 போடலாம்.